ஆர்தர் லோ: 52 வயதில் கேப்டன் ஆன குணச்சித்திர நடிகர்

1968-இல் பிபிசி ‘டேட்ஸ் ஆர்மி’ என்ற புது நகைச்சுவைத் தொடருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. கதை இதுதான்: 1940, ஹிட்லரின் படை எப்போது வேண்டுமானாலும் கடல் தாண்டி வந்து இறங்கலாம் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்த நேரம், ராணுவத்துக்கு வயது தாண்டிப்போனவர்களும் இன்னும் வயது வராதவர்களும் சேர்ந்து ஒரு சின்னக் கடலோர ஊரைக் காப்பாற்றக் கிளம்புகிறார்கள், உள்ளூர் வங்கி மேனேஜர் தானாகவே முன்னால் வந்து நின்று நான்தான் கேப்டன் என்கிறார். எழுதியவர் ஜிம்மி பெர்ரி. சிறுவயதில் வாட்ஃபோர்டில் நிஜமாகவே அந்த ஊர்க்காவல் படையில், அதாவது ஹோம் கார்டில், இருந்தவர். கேப்டன் மேனரிங் வேடத்துக்கு அவர் சொன்ன பெயர் ஆர்தர் லோ.

பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் மைக்கேல் மில்ஸ் அதைக் கேட்டு உற்சாகம் அடையவில்லை. அந்த ஆள் நம்மிடம் வேலை செய்பவர் இல்லையே என்றாராம். லோ அப்போது போட்டிச் சேனலான ஐடிவியின் முகம். வேடம் முதலில் தோர்லி வால்டர்ஸ் என்ற நடிகருக்குப் போனது, அவர் மறுத்துவிட்டார். ஜான் பெர்ட்வீ பெயரும் அடிபட்டது. எல்லாம் சுற்றி முடிந்த பிறகுதான் லோவிடம் வந்தார்கள். அதற்கப்புறம் ஒன்பது ஆண்டுகள், 80 எபிசோடுகள், உச்சத்தில் 1.8 கோடிப் பேர் பார்த்த தொடர், ஒரு சினிமா, ஒரு மேடை நாடகம், வானொலித் தொடர் என்று போய், அவர் இறந்து பல வருடம் கழித்து தெட்ஃபோர்டு ஊரில் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிலை வரை வந்து நின்றது.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். வேடம் அவரிடம் வந்தது அதிர்ஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்த வேடத்தை அவர் என்ன செய்தார் என்பதற்கு அதிர்ஷ்டம் காரணமில்லை. இந்த மனிதர் தன்னைப் பார்த்து யாரும் சிரிப்பதை விரும்பாதவர். அவருடைய நகைச்சுவையின் எஞ்சினே அதுதான் என்பது என் கட்சி. உடன் நடித்தவர்களுக்கு எரிச்சல் தந்த அந்தக் குணத்தைக் கழற்றிவிட்டால் மேனரிங் மிஞ்சமாட்டார்.

முதலில் பின்னணி. 1915 செப்டம்பர் 22, டெர்பிஷைரில் ஹேஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார், வளர்ந்தது மான்செஸ்டர் பக்கம் லெவன்ஷூம். அப்பா ரயில்வேயில் வேலை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களை, அவர்களின் மூட்டை முடிச்சுகளோடு, ரயிலில் ஏற்றி அனுப்பும் ஏற்பாடெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். பையனுக்கு ஆசை கப்பல் மேல், வணிகக் கப்பலில் சேரவேண்டும் என்று. கண்பார்வை சரியில்லை என்று சேர்க்கவில்லை. விமானத் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் வேலை, அப்புறம் போர், ராணுவம், மத்தியக் கிழக்கு. அங்கே படைவீரர்களுக்காகப் போட்ட நாடகங்களில்தான் இவருக்குள் இருந்த நடிகன் வெளியே வந்தான். ராணுவத்தில் அவர் எட்டிய பதவி சார்ஜென்ட் மேஜர். இந்தத் தகவலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1945-இல் மான்செஸ்டர் ரெப்பர்டரி குழுவில் சேர்ந்தார். ஹ்யூம் ஹிப்போட்ரோம் அரங்கம், ஒரே இரவில் இரண்டு காட்சி, வாரம் 5 பவுண்டு சம்பளம். முப்பது வயதில் தொடங்கும் நடிகனுக்குக் கதாநாயகன் வேடம் கிடைக்காது, அதுவும் குட்டையாக, தடித்த உடம்போடு, தலைமுடி விடைபெற்றுக்கொண்டிருக்கும் ஆளுக்கு. கிடைத்ததெல்லாம் கடைக்காரர், குமாஸ்தா, போலீஸ்காரர். அங்கேதான் ஜோன் கூப்பர் என்ற நடிகையைச் சந்தித்தார், 1948-இல் கல்யாணம். ரெப்பர்டரியில் நாடகம் மாறிக்கொண்டே இருக்கும், வசனத்தைச் சட்டென்று மனப்பாடம் செய்யாவிட்டால் பிழைக்க முடியாது. அப்படிப் பழகிய ஆள்தான் பிற்காலத்தில் ஸ்கிரிப்டை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன் என்று அடம்பிடித்தார் என்பது வேடிக்கை, அதற்கு வருகிறேன்.

1949-இல் வந்த ஈலிங் ஸ்டூடியோவின் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தில் ஆர்தர் லோ எங்கே என்று தேடினால் கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படுவார். ஒரு பிரபுப் பட்டத்துக்காக உறவினர்களை வரிசையாகக் கொன்று தீர்த்தவன் தூக்குமேடையிலிருந்து தப்பி, சிறையை விட்டுச் சுதந்திர மனிதனாக வெளியே வருகிறான். வாசலில் ஒரு பத்திரிகைக்காரர், பவ்யமாக, உங்கள் நினைவுக்குறிப்புகளை நாங்கள் வெளியிட அனுமதி தருவீர்களா என்று கேட்கிறார். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, எல்லாக் கொலைகளையும் ஒப்புக்கொண்டு எழுதிய காகிதக்கட்டு உள்ளே சிறை அறையில் கிடக்கிறது என்று. படம் முடிந்தது. அலெக் கின்னஸ் எட்டு வேடம் போட்ட படத்தின் கடைசித் திருப்பம், இரண்டு மூன்று வரி பேசும் லோவின் கையில். அந்த வரியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தாலும் முடிவு கெட்டிருக்கும். வேலைக்கு வந்த பத்திரிகைக்காரன் வேலையைப் பார்க்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். இந்தக் கட்டுப்பாடு எல்லாக் குணச்சித்திர நடிகருக்கும் வருவதில்லை, பாதிப் பேர் கிடைத்த ஒரு நிமிடத்தில் உயிரைக் கொடுத்து நடித்து காட்சியைக் கெடுப்பார்கள்.

ஐம்பதுகளில் லண்டன் மேடையில் அமெரிக்க இசை நாடகங்கள், 1964-இல் ராயல் கோர்ட்டில் ஜான் ஆஸ்போர்னின் நாடகம் என்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாடு முழுக்க முகம் தெரிந்தது ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ சீரியலால். 1960-இல் தொடங்கிய அந்தத் தொடரில் அவர் லியோனார்டு ஸ்விண்ட்லி, துணிக்கடை நடத்துபவர். தேவாலயப் பிரசங்கம், சின்னதாகக் கிடைத்த அதிகாரம், பெரிதாகக் காட்டிக்கொள்ளும் கௌரவம். ஒரு தடவை உள்ளூர்த் தேர்தலில்கூட நின்றுபார்க்கிறார். லீப் வருடத்தில் பெண்ணே கல்யாணத்தைக் கேட்கலாம் என்பது அங்கே பழைய வழக்கம், கடையில் வேலை பார்க்கும் எமிலி 1964 லீப் வருடத்தைச் சாக்காக வைத்து அவரிடம் தானே கல்யாணத்தைக் கேட்கிறாள், கடைசி நேரத்தில் அவளே வேண்டாம் என்று விலகுகிறாள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும் ஆளை நாடே பார்த்தது. 1965-இல் அதே பாத்திரத்தை எடுத்து ‘பார்டன் தி எக்ஸ்பிரஷன்’ என்று தனித்தொடர் செய்தார்கள், கொரோனேஷன் ஸ்ட்ரீட்டிலிருந்து கிளைத்த முதல் தொடர் அதுதான். அதிலிருந்து இன்னொன்று, 1967-இல், பேய் பிசாசு துப்பறியும் கதை. அது எடுபடவில்லை.

ஆக 1968-இல் அவர் கையில் இருந்தது என்ன? கிட்டத்தட்ட இருபது வருடமாக அவர் ஒரே மனிதனை வெவ்வேறு சட்டையில் செதுக்கிக்கொண்டிருந்தார், கீழ்நடுத்தர வர்க்கத்தில் பிறந்து, ஒரு படி மேலே ஏறி, அந்தப் படி எப்போது உடையுமோ என்ற பயத்தை அதட்டலால் மறைக்கும் மனிதனை. மேனரிங் வேடம் வந்தபோது புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

சரி, அந்த முதல் சந்திப்பு. பிபிசி கேன்டீனில் பெர்ரியோடும், தயாரிப்பாளர் டேவிட் கிராஃப்டோடும் மதியச் சாப்பாடு. லோ உட்கார்ந்ததும், இது அந்த மாதிரி அசட்டுத்தனமான தொடராக இருக்காதே என்று கேட்டுவிட்டு, அந்த ‘ஹ்யூ அண்ட் ஐ’ மாதிரித் தொடரெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது என்றார். அந்தத் தொடரைத் தயாரித்தவர் எதிரே உட்கார்ந்திருந்த கிராஃப்ட். வேறு யாராவது இருந்தால் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து எழுந்து போயிருப்பார்கள். ஆனால் மேனரிங் என்ற வங்கி மேனேஜர் அந்த மேஜையில் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார் இல்லையா? யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், முழுத் தன்னம்பிக்கையோடு, காலை எடுத்துத் தன் வாயிலேயே வைத்துக்கொள்ளும் ஆள். கிராஃப்டுக்கும் அது புரிந்திருக்கவேண்டும்.

தொடரின் அடித்தளமே ஒரு தலைகீழ் மாற்றம். உயர்குடி வளர்ப்பு, நல்ல பள்ளி, அலட்சியமான நளினம் எல்லாம் உள்ளவர் சார்ஜென்ட் வில்சன், நடித்தவர் ஜான் லெ மெஷரர். அவருக்கு உத்தரவு போடுபவர் குட்டையான, அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்த மேனரிங். கேப்டன் வேடம் லெ மெஷரருக்குத்தான் என்று பலர் நினைத்தார்கள், பிரிட்டனில் ஒழுங்குமுறை அப்படி. நிஜத்திலும் லெ மெஷரர் வக்கீல் குடும்பம், ஷெர்போர்ன் பள்ளி, போரின்போது கேப்டன் பதவி, அப்போதைய இந்தியாவில்கூடப் பணியாற்றியவர். லோ சார்ஜென்ட் மேஜர். வேடத்தில் பதவிகள் அப்படியே இடம் மாறுகின்றன. நிஜ கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு ‘அது புத்திசாலித்தனமாகுமா சார்’ என்று மெல்லக் கேட்கும்போதெல்லாம் நிஜ சார்ஜென்ட் மேஜரின் கன்னம் உப்புகிறது. 1973-இல் வந்த ஒரு எபிசோடில் வில்சனுக்குக் குடும்ப வழியில் ஒரு மரியாதைப் பட்டம் வந்துசேர, மேனரிங் எத்தனையோ வருடமாக நுழையத் தவித்த கோல்ஃப் கிளப் வில்சனுக்கு உடனே கதவைத் திறக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்கும் லோவின் முகத்தைப் பாருங்கள். கோபம் முதலில் வருவதில்லை. ஒரு நொடி, சின்னப் பையன் ஒருவன் விளையாட்டில் சேர்க்கப்படாமல் நிற்கும் முகம். அப்புறம்தான் கோபம்.

இப்போது அந்த எரிச்சலூட்டும் குணத்துக்கு வருவோம். ஸ்கிரிப்டை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார், அந்தக் குப்பையை வீட்டுக்குள் விடமாட்டேன் என்பாராம். அதனால் ஒத்திகைக்கு வசனம் அரைகுறையாகத்தான் வரும். கிராஃப்ட் வேடிக்கையாக ஸ்கிரிப்டின் இரண்டு பிரதிகளை அனுப்பிவைத்தார், ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் வசனம் தானாக மேலே ஏறும் என்று. மற்ற நடிகர்களுக்கு இது தலைவலி, மறுக்க முடியாது. ஆனால் பலன் என்ன? அடுத்த வார்த்தையை உள்ளுக்குள் துழாவும் அந்தத் தயக்கம், நின்று, மூச்சை இழுத்து, கண்ணாடி வழியாக எதிராளியை முறைத்து, பிறகு வரும் பதில், எல்லாம் மேனரிங்கின் இயல்பாகிவிட்டது. எது மறதி, எது நடிப்பு என்று திரையில் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னொன்று கால்சட்டை விவகாரம். பிரிட்டிஷ் நகைச்சுவை மேடையில் கௌரவமான ஆளின் கால்சட்டை கழன்று விழுவது காலங்காலமாக ஓடும் தமாஷ். லோ அதற்கு ஒருபோதும் சம்மதிக்கவில்லை. ‘தி டெட்லி அட்டாச்மென்ட்’ என்ற 1973 எபிசோடு இதற்கு நல்ல சாட்சி. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டனும் அவன் ஆட்களும் கைதிகளாக வருகிறார்கள், பிலிப் மேடாக் நடித்தார். கடைசியில் நிலைமை தலைகீழாகி, ஜெர்மானியன் ஒரு கையெறிகுண்டைப் பிணையாளின் கால்சட்டைக்குள் செருகி ஊர்வலமாக நடத்திப்போவதாகக் கட்டம். எழுதியபடி அது மேனரிங்கின் கால்சட்டை. லோ முடியாது என்றார். குண்டு கிளைவ் டன் நடித்த கிழவர் ஜோன்ஸுக்கு மாறியது. எந்தப் பக்கம் நியாயம்? அந்த எபிசோடைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை, லோ செய்ததுதான் சரி. ஜோன்ஸ் பதறும் பாத்திரம், குண்டோடு அவர் படும் பாடு தானாகவே சிரிப்பு. மேனரிங் பக்கத்தில் விறைப்பாக, தன் ஆளைக் காப்பாற்ற வழி தெரியாமல், ஆனாலும் கேப்டன் மாதிரியே நடந்துவர வேண்டும். அவருடைய கால்சட்டையில் குண்டு போயிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்றாவது கோமாளி ஆகியிருப்பார்.

அதே எபிசோடில்தான் பிரிட்டனில் இன்றைக்கும் எல்லாரும் சொல்லிக்காட்டும் அந்த வரி வருகிறது. ஜெர்மன் கேப்டன் தன்னை அவமதிப்பவர்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறான், போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்க. படையின் இளையவன் பைக் ஹிட்லரைக் கேலிசெய்து பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் ஏறும், உன் பெயர் என்ன என்று ஜெர்மானியன் கேட்க, மேனரிங் பாய்ந்து சொல்கிறார்: “அவனிடம் சொல்லாதே, பைக்!” எழுத்தில் இது பழைய ஜோக்குதான். லோ அதைச் சொல்லும்போது முகத்தில் ஜோக் சொல்கிறோம் என்ற சுவடே இல்லை. ஒரு அதிகாரி தன் சிப்பாயைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. சொன்ன பிறகும் தவறு நடந்துவிட்டது என்று அவர் கண் காட்டிக்கொடுப்பதில்லை. இயான் லேவண்டர், அதாவது பைக், தொடரின் முக்கியப் படைவீரர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர், 2024-இல் இறந்தபோது வந்த செய்திகளில் எல்லாம் இந்த வரிதான்.

சிரிப்பு மட்டும் என்றால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். 1970-இல் ‘மம்ஸ் ஆர்மி’ என்று ஒரு எபிசோடு, பெண்களையும் படையில் சேர்க்கிறார்கள். கார்மென் சில்வேரா நடித்த திருமதி கிரே என்ற பெண்மேல் மேனரிங்குக்கு மனம் போகிறது. அவருக்கோ வீட்டில் எலிசபெத் என்ற மனைவி, தொடர் முழுக்க முகமே காட்டாத பாத்திரம். அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது என்பது இன்னொரு எபிசோடில் அவர் பேக்பைப் வாசிக்கக் கற்ற கதையில் தெரியும். தேனிலவுக்கு ஸ்காட்லாந்து போயிருந்தார்களாம், மாலைப் பொழுது நீளமாக இருந்ததாம், வேறு செய்ய ஒன்றுமில்லையாம். இப்படிப்பட்டவர் ரயில்நிலையத்தில், ஊர் வாய்க்குப் பயந்து லண்டனுக்குக் கிளம்பும் திருமதி கிரேயைப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார். ஐந்து நிமிடம் போல ஒரு நகைச்சுவையும் இல்லை. ஒரு குட்டை மனிதர், தொப்பி கோட்டு எல்லாம் ஒழுங்காக, பிளாட்பாரத்தில் நின்று தன் கௌரவத்தைத் தூக்கிப்போடத் தயாராக இருக்கிறார், அவளோ வேண்டாம் என்று ரயில் ஏறிவிடுகிறாள். கௌரவத்தை அதுவரை விட்டுக்கொடுக்காத பாத்திரம் என்பதால்தான் இந்த ஐந்து நிமிடம் வேலை செய்கிறது. 1975 கிறிஸ்துமஸ் எபிசோடில் அவரே மேனரிங்காகவும், குடிகார விற்பனைப் பிரதிநிதியான அண்ணன் பேரியாகவும் இரட்டை வேடம் போட்டார். தம்பி மூடிவைத்ததையெல்லாம் அண்ணன் திறந்து காட்டுகிறான்.

டிவிக்கு வெளியே அவரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன். 1963-இல் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’, 1968-இல் ‘இஃப்’ படத்தில் பள்ளி விடுதிக் காப்பாளர், 1973-இல் ‘ஓ லக்கி மேன்!’ படத்தில் மூன்று வேடம், அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா, அதாவது பிரிட்டிஷ் திரைப்பட விருது. அந்த மூன்றில் ஒன்று முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ஆப்பிரிக்கத் தலைவராக வருவது. அந்தக் காலத்துக்கு அது பழக்கம், இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, விருது வாங்கிய படம் என்பதற்காக அதை மூடவேண்டியதில்லை. 1974-இல் நேஷனல் தியேட்டருக்காக பீட்டர் ஹால் இயக்கிய ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’டில் பெரிய மேடை நடிகர் ஜான் கில்குட் நாயகன் பிராஸ்பெரோவாக நிற்க, இவர் குடிகார ஸ்டெஃபானோ. ‘தியேட்டர் ஆஃப் பிளட்’ என்ற திகில் படத்தில் நாடக விமர்சகராக வந்து தூக்கத்திலேயே தலையை இழப்பார். ‘மிஸ்டர் மென்’ கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே, எழுபதுகளில் வளர்ந்த பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு மேனரிங்குக்கு முன்பே அந்தக் குரல் பழக்கம்.

கண்பார்வையால் கப்பல் கனவு போன பையன் 1968-இல் 1885-இல் கட்டப்பட்ட ‘அமேசான்’ என்ற நீராவிப் படகை வாங்கி, பழுதுபார்த்து, மறுபடி கடலுக்கு விட்டார். கேப்டன் வேடம் கிடைத்த அதே வருடம்.

1977 நவம்பரில் தொடர் முடிந்தது. அதற்குப் பிறகான ஐந்து வருடத்தைச் சரிவு என்று எழுதுவது வழக்கம், எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ‘பிளெஸ் மீ ஃபாதர்’ தொடரில் ஐரிஷ் பாதிரியாராக நன்றாகவே செய்தார். ‘பாட்டர்’ என்று இன்னொரு தொடர். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. நார்கோலெப்சி, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடும் நோய், அதோடு குடியும் சேர்ந்துகொண்டது. என்னை வேண்டுமென்றால் மனைவி ஜோனுக்கும் வேடம் கொடுங்கள் என்று நிபந்தனை போட்டதில் பெரிய வாய்ப்புகள் சில நழுவின, வெளியூர் நாடகப் பயணங்கள் கூடின. கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் ரெப்பர்டரியில் ஒன்றாக ஆரம்பித்த ஜோடி இது. எது நஷ்டம் என்று அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பது நாம் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

1982 ஏப்ரல் 14. பர்மிங்ஹாமில் ‘ஹோம் அட் செவன்’ நாடகம், ஜோனும் உடன் நடித்தார். மதியம் ‘பெபிள் மில்’ நிகழ்ச்சியில் நேரலைப் பேட்டி கொடுத்தார். மாலையில் அலெக்ஸாண்ட்ரா தியேட்டர் ஒப்பனை அறையில் பக்கவாதம் தாக்கி விழுந்தார், மறுநாள் அதிகாலை இறந்தார், 66 வயது. நாடகப் பயணம் நிற்கவில்லை, இறுதிச் சடங்கு நடந்தபோது ஜோன் பெல்ஃபாஸ்ட்டில் மேடையில் இருந்தார். ஆண்டர்சனின் ‘பிரிட்டானியா ஹாஸ்பிட்டல்’ படமும், பள்ளி ஆசிரியராக அவர் நடித்து முடித்திருந்த ஒரு தொடரும் அவர் போன பிறகு வெளிவந்தன.

அப்புறம் 2016-இல் ‘டேட்ஸ் ஆர்மி’யை மறுபடி சினிமா ஆக்கினார்கள். மேனரிங்காக டோபி ஜோன்ஸ், வில்சனாக பில் நை, இருவருமே முதல் தர நடிகர்கள். 2019-இல் பிபிசி அழித்துத் தொலைத்த மூன்று எபிசோடுகளைப் பழைய ஸ்கிரிப்டை வைத்து மறுபடி எடுத்தார்கள், மேனரிங்காக கெவின் மெக்நலி. இரண்டிலும் குறை சொல்லும்படி யாரும் நடிக்கவில்லை. ஆனால் டோபி ஜோன்ஸின் மேனரிங்கிடம் ஒரு சின்னக் கனிவு இருக்கிறது, இந்த மனிதனைப் பார்த்துச் சிரியுங்கள், ஆனால் அன்போடு சிரியுங்கள் என்று நம்மிடம் கேட்பது மாதிரி. லோ யாரிடமும் எதையும் கேட்கவில்லை, நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்றே புரியாத ஆளாக 80 எபிசோடும் நின்றார். ஜோன்ஸின் படத்தை ஒரு தடவை பார்த்ததோடு சரி. பழைய தொடரை இன்றும் பிபிசி மறுஒளிபரப்பு செய்துகொண்டிருக்கிறது.